பச்சை எரியுதா?

"ஐயோ மாமா, எதைப் பிடுங்கினீங்க?"

மகள் போட்ட கத்தலில் கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். சுவரோரம் அப்பாவின் ஆய்வு ஃப்ரீசரின் வயர் அநாதையாகக் கிடந்தது. அந்த பிளக் இருந்த இடத்தில், அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் பிளக்கைச் செருகியிருந்தார் தாய்மாமன்.

"ரெண்டையும் போட்டா ஃபியூஸ் போயிடுதும்மா. பெரிய பிளக் இந்த ஒண்ணுதான், பக்கத்து வீடும் பூட்டிக் கெடக்கு. மனுஷனைப் பார்ப்பேனா, எலை தழையைப் பார்ப்பேனா?"

இலை தழையாம்! அதற்காகத்தானே அப்பா வாழ்நாளையே தொலைத்தார். ஒரே ஒரு மலைச்சரிவில் முளைத்த செடி. இன்று அங்கே சாலை ஓடுகிறது, செடி இல்லை; மிச்சம் இந்த ஃப்ரீசரில் உறைந்து கிடக்கும் இலைகள்தான். அந்த இலையில் புதுப் பொருள் ஒன்று இருக்கிறதென்று எழுதினார். அப்படி எதுவும் இல்லை, இந்தப் பேராசிரியரின் சோதனையே தப்பு என்று பெரிய தலைகள் அடித்துச் சொல்லிவிட்டன. பதவி உயர்வு போயிற்று. கருத்தரங்குகளில் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். கடைசியில் நல்ல கருவி வைத்திருக்கும் ஓர் ஆய்வகம் சோதிக்க ஒத்துக்கொண்டு, அவருடைய மாணவி நாளை வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. உருகினால் தீர்ந்தது. இலையில் இருக்கும் நொதியே அந்தப் பொருளைத் தின்றுவிடும்.

ஃப்ரீசர் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். வியர்த்திருந்தது.

அப்போதுதான் அண்ணன் போன் செய்தான். அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தான்.

"காலையில வந்துடுவேன். அதுவரைக்கும் அப்பாவ வெச்சிருங்க. முகத்தப் பார்க்கணும்."

அப்பா எந்த ஊருக்குப் போனாலும் போனில், சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்கு முன்னால், "பச்சை எரியுதா?" என்றுதான் கேட்பார். ஃப்ரீசரின் பச்சை விளக்கைப் பார்த்துச் சொல்வது அவளுக்கும் அண்ணனுக்கும் வேலை. அந்த ஃப்ரீசர்தான் உங்களுக்குப் பிள்ளை என்று அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிப்போனவன் அண்ணன்.

"அண்ணா... பச்சை எரியல."

விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"அம்மா என்ன சொல்றாங்க?"

அம்மா ஐஸ் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவன் சொல்றதுதான்."

"பிளக்கை மாத்திடு," என்றான் அண்ணன். "எனக்காகக் காத்திருக்க வேணாம். சாயந்தரமே எடுத்துடுங்க."

"பெத்த பிள்ளை பேசுற பேச்சா இது?" என்று மாமா எகிறினார். "நீங்க சும்மா இருங்க," என்றாள் அம்மா.

மகள் பிளக்கை மாற்றினாள். ஐஸ் பெட்டியின் இரைச்சல் நின்று, ஃப்ரீசர் உறுமத் தொடங்கியது. போன் கேமராவை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அண்ணன் வெகுநேரம் பார்த்தான்.

"போதும். இப்போ பச்சையைக் காட்டு."

காட்டினாள். அவன் போனை வைக்கவில்லை. கை கடுத்தபோது, அவள் போனை மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.