அந்தியோகியாவின் புது ஆளுநர்

கான்ஸ்டாண்டிநோபிளில், இடிந்து கிடந்த பழைய அரண்மனை முற்றத்தில் அந்தூசா வெங்காயம் போட்டிருந்தாள். ஒரு காலத்தில் எகிப்து முதல் இத்தாலி வரை அங்கிருந்துதான் உத்தரவு பறந்தது. இப்போது நகர மதிலைத் தாண்டினால் துருக்கியனின் கூடாரம்.

பட்டு அங்கியின் கிழிசலைக் கையால் மறைத்துக்கொண்டு அரண்மனை அதிகாரி மனாசிஸ் வந்து நின்றார்.

"குனிஞ்சு கும்பிடு. எம் மகன அந்தியோகியாவுக்கு ஆளுநரா ஆக்கிட்டாரு சக்கரவர்த்தி."

"அந்த ஊரு நம்ம கைய விட்டுப் போயி முந்நூறு வருஷம் ஆச்சேய்யா."

"ஊரு போனா என்ன, பதவி போகலயே. அதுக்கு எத்தன பேரு அடிச்சுக்கிட்டாங்க தெரியுமா? என் தம்பியே இப்ப எங்கூடப் பேசுறதில்ல."

அந்தூசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மதிலில் விழுந்த ஓட்டையை அடைக்க வாருங்கள் என்று தெருத்தெருவாகத் தமுக்கடித்தபோது, பதவிக்கு அடித்துக்கொண்ட இந்தக் கூட்டத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கல் சுமந்தது அவளும் மீன்காரிகளும்தான்.

அவள் குனிந்தாள். மனாசிஸின் முகம் மலர்ந்தது.

குனிந்தவள் ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி, மண்ணோடு அவர் கையில் வைத்தாள்.

"தூரப் பயணம். வழியில ரொட்டிக்குக் கடிச்சுக்கட்டும். எப்பக் கிளம்புறாரு ஆளுநரு?"