காரம் போதுமா?

எங்கள் பட்டறையில் ஒரே சட்டம்தான். அண்ணி ருசி பார்த்துத் தலையாட்டாமல் ஒரு பாட்டில்கூட வெளியே போகக் கூடாது. அண்ணன் இஞ்சியை அரைத்துப் பிழிந்து, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துப் புளிக்க விடுவார். பாட்டிலில் அடைத்து மதுக்கூடங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. எசன்ஸ் கிடையாது, சாயம் கிடையாது. எங்கள் இஞ்சி பியரின் மூடியைத் திறந்ததும் ஏறுமே ஒரு வாசனை, அதற்கே தனி விலை கொடுக்கலாம்.

அந்த அண்ணிக்குத்தான் ஒரு காய்ச்சல் வந்து, நாக்கையும் மூக்கையும் துடைத்து எடுத்துக்கொண்டு போனது. காப்பிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். இதைச் சொல்ல ஒரு மருத்துவர் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அண்ணன் சட்டத்தை மாற்றவில்லை. ஒவ்வொரு முறையும் தம்ளரை அண்ணி முன்னால் நீட்டினார்.

“எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. பொம்மை மாதிரி தலையாட்டணுமா? தம்பியப் பாக்கச் சொல்லுங்க.”

“நீ குடி. காரம் போதுமா?”

குடிப்பார், தலையாட்டுவார், பின்பக்கம் போய்ப் பாட்டில் கழுவுவார். குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார் என்பது எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் ஒரு மதுக்கூடக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். “என்னப்பா, வரவர தொண்டை கிழியுது! எதைக் கலந்து குடுத்தாலும் இஞ்சிதான் முன்னால நிக்குது. இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளப் பாத்துக்குவேன்.”

கொதித்துப்போய்த் திரும்பினேன். அண்ணன் இஞ்சி அரைத்துக்கொண்டிருந்தார். வழக்கமான அளவுக்கு மேல் இன்னொரு கூடை அவர் காலடியில் இருந்தது.

“அண்ணே, உனக்கென்ன கிறுக்கா? இருக்கிற வாடிக்கையெல்லாம் ஓடுது!”

அவர் நிமிரவில்லை. “காரம் ருசி இல்லடா, எரிச்சல். அது வேற வழியா உள்ள போகும்னு டாக்டர் சொன்னார். என்னைக்காவது அவளுக்கு எட்டிடும். அதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக்கிட்டே வரேன்.”

பெண்டாட்டியின் நாக்கைத் தட்டி எழுப்ப இந்த மனுஷன் பட்டறையையே கரைத்துக்கொண்டிருக்கிறார்! திட்ட வந்தவன் கூடையைத் தூக்கிக் கொடுத்தேன்.

அந்தச் சரக்கு புளித்து, பாட்டிலில் அடைத்து, குளிர வைத்து, முதல் மூடியைத் திறந்தபோது புஸ்ஸென்று நுரை பொங்கி அண்ணன் முழங்கை வரை வழிந்தது. அண்ணி சலிப்போடு தம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார்.

இருமினார். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஆவென்று வாயைத் திறந்து காற்றை இழுத்தார். பிறகு நாக்கை மெல்லச் சப்புக் கொட்டிப் பார்த்தார். தானாகவே இன்னொரு வாய் ஊற்றிக் குடித்தார். மின்சாரம் போன வீட்டில் ஒவ்வோர் அறையாக விளக்கு எரிவதைப் பார்ப்பது போலிருந்தது.

“எரியுதுங்க,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ ரகசியம் சொன்னது போல, “புளிக்குது... எலுமிச்சைங்க!”

“காரம் போதுமா?” என்றார் அண்ணன்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்ளரை டொக்கென்று வைத்தார்.

“மனுஷன் குடிப்பானா இத? ஒரு பாட்டில் வெளிய போகக் கூடாது. அத்தனையும் கொட்டுங்க!”

நானும் அண்ணனும் போட்டி போட்டுக்கொண்டு மூடிகளைத் திறந்தோம்.