கை நனைக்காத பந்தி

கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டு சிரிக்கிறான் அந்தக் கல்வீரன், இடக்கை தன் குடுமியைத் தானே பிடித்திருக்கிறது, வலக்கை அறுக்கப் போகிறது, சௌந்தரவல்லி அவன் முன்னால் நிற்கிறாள், போன தையிலும் இங்கேதான் நின்றாள், முகத்தில் பவுடரும் முந்தானையில் மைக்குமாக, தொலைக்காட்சியில் வாராவாரம் வரலாற்று மர்மங்களைத் துப்புத் துலக்குகிற அம்மா, நரபலி கொடுத்த இடம் இது என்று கதை கட்டியிருக்கிறார்கள், சுத்தப் பொய், ஊருக்காகத் தன் தலையைத் தானே கொடுத்த வீரன் இவன், என்று அன்றைக்கு அடித்துச் சொன்னாள், சொன்னாளே, ஒளிபரப்பில் நரபலி கொடுத்த இடம் இது என்பதோடு வெட்டிவிட்டு உடுக்கைச் சத்தம் போட்டார்கள், அடுத்த காட்சியில் கல்லுக்குப் பரம்பரையாகப் பொங்கல் வைக்கிற நாச்சிமுத்துவின் வீட்டுக் கதவு, பாவிகள், தயாரிப்பாளன் ஜெயந்த் மறுப்புப் போடுகிறேன் மேடம் என்றான், போட்டான், திரையின் அடியில் ஒரு வரி, கண் சிமிட்டுவதற்குள் ஓடிப்போனது, அவனை அறையாமல் வந்த கை இன்னும் அரிக்கிறது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது, நாச்சிமுத்து மகள் சுகன்யாவுக்கு நிச்சயம் பேச வந்தவர்கள் இலை போட்ட பிறகு எழுந்து போனார்களாம், போனில் அவர் குரல் உயரவே இல்லை, திட்டித் தொலைத்திருக்கலாம், நாங்க பலி குடுக்குற சனமாமுங்க, எங்க ஊட்டுல ஆரும் கை நனைக்க மாட்டேங்கறாங்க, நீங்க சொன்னா ஊரே நம்புதுங்க, அதுதானுங்க வெனையே, என்றார், அந்த நிகழ்ச்சி இனி வேண்டாம் என்று சௌந்தரவல்லி அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள், அதனால் சுகன்யாவுக்கு என்ன வந்தது, ஒன்றுமில்லை.

இன்று மாசிப் படையல், கல்லின் முன்னால் நாச்சிமுத்து வீட்டார் வரிசையாக இலை போட்டிருக்கிறார்கள், ஒருவரும் உட்காரவில்லை, வேப்பமரத்தடியில் கைகட்டி நிற்கிறது ஊர், வருடா வருடம் இதே கிடாய்க்கறியை எலும்பு விடாமல் சப்பிய ஊர், ஒரு டிவிக்காரி வாயைத் திறந்ததும் குமட்டுகிறதாம், சௌந்தரவல்லி போய் முதல் இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், போடும்மா என்றாள், சுகன்யா சோறு போட்டுக் கறிக்குழம்பு ஊற்றினாள், சௌந்தரவல்லி, வாயைத் திறந்தால் ஊரையே திட்டித் தீர்த்துவிடுவோம் என்று தெரிந்து கவளத்தால் அடைத்தாள், காரம் கண்ணில் ஏறியது, கோபமும்தான். கூட்டத்தில் ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான், பிடிக்கட்டும், அவள் பேசவில்லை, தின்கிறாள், வெட்டி எறிய அதில் ஒரு வார்த்தையும் இல்லை. நாச்சிமுத்து பக்கத்தில் வந்து, போதுமுங்க, எந்திரிங்க, என்று மெல்லச் சொன்னார். பந்தி முடியாமல் எழுந்திருப்பது மரியாதையில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன, அவள் ஆளில்லாத இலைகளை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுசோறு கேட்டாள்.