பூட்டி வைத்த மிதவைச் சட்டை

1986 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை காலை, தில்லி வசந்த் விஹாரில், ஊர் திரும்பவிருந்த ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரியின் வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டன. அவற்றில், கடலுக்கடியில் முக்குளிப்பவர்கள் அணியும் மிதவைச் சட்டைகள் இரண்டு இருந்தன.

அவற்றை வாங்க வந்தவர்கள் இருவர். தணிக்கைத் துறையில் பிரிவு அதிகாரியான வெங்கடேஸ்வரன் மோதி பாக் அரசுக் குடியிருப்பில் வசித்தார். பூர்வீகம் கும்பகோணம். சிவஞானம் ஜனக்புரிக்காரர், பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் என்ஜினியர், திருநெல்வேலிப் பக்கம். தில்லிக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இருவரும் ஒரு முக்குளிப்புச் சங்கத்தில் சேர்ந்து, ஞாயிறுதோறும் நீச்சல் குளத்தில் ஜோடியாகப் பயிற்சி எடுத்துவந்தார்கள். நவம்பரில் சங்கம் லட்சத்தீவுக்குப் போகவிருந்தது. பவளப் பாறையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வெங்கடேஸ்வரன் நாற்பது வயதை நெருங்கும்போது நீந்தக் கற்றுக்கொண்டவர்.

காற்று உருளைகள் சங்கத்தினுடையவை. மிதவைச் சட்டையை அவரவர் கொண்டுவர வேண்டும். உருளையிலிருந்து காற்றை விட்டால் சட்டை உப்பி ஆளை மேலே தூக்கும். காற்றை வெளியேற்றினால் கீழே இறங்கலாம். களைத்துப்போனவனை அலைமேல் தாங்குவதும் அதுதான். சட்டை இல்லாதவனைக் கடலில் இறக்க மாட்டேன் என்று சங்கச் செயலாளர் இராஜமாணிக்கம் சொல்லியிருந்தார். அவர் கப்பற்படையில் முக்குளித்தவர்.

இரண்டு சட்டைகளும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி. ஒன்று அந்த அதிகாரியுடையது, நன்றாக உழைத்தது, இடுப்புப் பட்டை நைந்திருந்தது. மற்றது அவர் மனைவியுடையது, அதிகம் தண்ணீர் பார்க்காதது. வெங்கடேஸ்வரன் அந்த இரண்டாவது சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெளித் துணியின் தடிமனை விரலால் உருட்டிப் பார்த்தார். தையலை நகத்தால் நெருடினார். வளையங்களில் களிம்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பினார். உள்ளே காற்றடைக்கும் பிளாஸ்டிக் பை தனியாக இருந்தது. ஜிப்பைத் திறந்தால் கழற்றலாம். அதைச் சிவஞானத்திடம் ஊதச் சொல்லி, அந்த அதிகாரியிடமே வாளியும் சோப்பும் கேட்டு வாங்கி, சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை.

"மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்க மாதிரில்லா பாக்கீரு," என்றார் சிவஞானம். "போதும் ஐயரே. சோப்பைக் கரைச்சுட்டா அதுக்கும் விலை கேப்பாவ."

"தண்ணிக்குள்ள போயிட்டு கம்ப்ளெய்ன்ட் எழுத முடியாது சிவஞானம்."

"சரி. நீரே இதை எடுத்துக்கிடும். பழசு எனக்கு இருக்கட்டும். பட்டையைத்தான மாத்தணும்."

அவ்வளவு சுலபமாக அவர் விட்டுக்கொடுத்தது வெங்கடேஸ்வரனுக்கு உறுத்தியது. நல்லதை விட்டுவிட்டுப் பழசை எவன் எடுப்பான்?

கிளம்பும்போது அந்த அதிகாரி ஒரு யோசனை சொன்னார். பயன்படுத்தாத நாட்களில் கொஞ்சம் காற்றை ஊதி, நிழலில் தொங்கவிட வேண்டும். மடிக்கக் கூடாது. இருவரும் தலையாட்டினார்கள்.

மே மாதம், பட்டை தைக்க மாதிரி வேண்டும் என்று சிவஞானம் வெங்கடேஸ்வரனின் சட்டையை வாங்கிப்போனார். கரோல் பாகில் ஒரு தோல் கடையில் கொடுத்திருப்பதாகச் சொன்னார். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது ஜிப்பின் முனையில் வெங்கடேஸ்வரன் கட்டியிருந்த நூலின் முடிச்சு வேறு மாதிரி இருந்தது. வெங்கடேஸ்வரன் அதைக் கவனித்தார், கேட்கவில்லை.

அக்டோபர்ச் சோதனை வரை குளத்தில் சட்டை தேவைப்படவில்லை. அதை அவர் தொங்கவிடவும் இல்லை. வராந்தாவில் மாட்டினால் குடியிருப்பு முழுக்கப் பார்க்கும். பெருக்க வருகிறவன் ஒரு வளையத்தைக் கழற்றிக்கொண்டு போனால் பழைய சாமான் வாங்கும் கபாடிக் கடையில் அது பித்தளை. அவர் சட்டையை நான்காக மடித்து மனைவி ராஜலக்ஷ்மியிடம் கொடுத்தார்.

"டிரங்க் பெட்டில வெச்சுப் பூட்டு. ஸ்வெட்டர், ரஜாய்ப் போர்வை மாதிரி பத்திரமா."

"வெச்சாச்சு. சாவி வேணுமா, அதையும் நீங்களே வெச்சுக்கறேளா?"

சாவியை அவரே வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 12 அன்று குளத்தில் கடைசிச் சோதனை. சிவஞானத்தின் பழைய சட்டை உப்பி, உப்பியபடியே நின்றது. வெங்கடேஸ்வரன் பெட்டி வாசனை போகாத தன் சட்டையில் காற்றை விட்டார். தோளருகே சீறல் கேட்டது. தண்ணீரில் சரம்சரமாகக் குமிழிகள். கரையேறி ஜிப்பைத் திறந்து பார்த்தார். உள்பையின் மடிப்புகள் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தபோது தோல்போல் உரிந்து வந்தன. பசை தடவி ஒட்டிய பழைய பை என்று அவருக்குத் தோன்றியது.

"இது தேறாது," என்றார் இராஜமாணிக்கம். "புதுப் பை வெளிநாட்டில இருந்து வரணும். நவம்பருக்குள்ள வராது."

சிவஞானம் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "வருத்தப்படாதேயும் ஐயரே. என் சட்டை இருக்குல்லா. காலையில நான் இறங்குதேன், மத்தியானம் நீரு இறங்கும். செகரட்டரி, ஒரு சட்டையை ரெண்டு பேரு மாத்திப் போட்டா தப்பில்லையே?"

"சட்டைக்காரன் சம்மதிச்சா எனக்கென்ன," என்றார் இராஜமாணிக்கம்.

கேட்காமலே ஒருவன் பாதியைத் தருகிறான் என்றால் முழுசாக ஏதோ எடுத்திருக்கிறான் என்பது தணிக்கைத் துறையில் வெங்கடேஸ்வரன் கற்றது.

"மே மாசம் உங்காத்துல இருந்தப்போ இதை யாராவது பிரிச்சாளா?" என்று கேட்டார்.

"நாந்தான் பிரிச்சேன். உள்ள குளத்துத் தண்ணி கெடந்துது. அலசி, காயவிட்டு, பௌடர் போட்டுக் கட்டினேன்."

"ஓஹோ. சொல்லவே இல்லையே."

"பௌடர் போட்டதுக்கெல்லாம் தந்தி அடிக்கணுமாவே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெங்கடேஸ்வரன் சிரிக்கவில்லை. ஒரே கம்பெனி, ஒரே மாதிரிப் பை. இதை எடுத்து அதில் போட எவ்வளவு நேரமாகும்?

சிவஞானம் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மீண்டும் நீந்த இறங்கியதும் அவர் இராஜமாணிக்கத்தைத் தனியாக அழைத்து, எனக்கு வேறு ஜோடி கொடுங்கள் என்றார். காரணம் கேட்டபோது, சிவஞானத்தை நம்பித் தண்ணீருக்குள் போக முடியாது என்றார். பிறகு உடைமாற்றும் அறைக்குப் போனார். ஆணியில் சிவஞானத்தின் மிதவைச் சட்டை தொங்கியது. ஜிப்பைப் பாதி திறந்தபோது பின்னால் ஈரக் காலடி கேட்டது.

"என்ன தேடுதீரு?"

வெங்கடேஸ்வரன் கையை எடுக்கவில்லை. "பையைப் பார்க்கணும்."

சிவஞானம் மீதி ஜிப்பையும் தானே இழுத்துத் திறந்தார். உள்பையை வெளியே எடுத்துக் காட்டினார். வால்வுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு ஒட்டு.

"அந்த வீட்டுலயே இது இருந்துது. நீரு உம்ம சட்டையைத்தான் பாத்தீரு. இதைத் திரும்பிக்கூடப் பாக்கலை. போதுமா?"

"ஒட்டு எப்ப வேணும்னாலும் போடலாம்."

சிவஞானம் பையை உள்ளே தள்ளி, ஜிப்பை மூடி, சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் தில்லியில் குளிர் எட்டிப்பார்த்தது. ராஜலக்ஷ்மி சாவியைக் கேட்டு வாங்கி டிரங்க் பெட்டியைத் திறந்தாள். வீடு முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை. ஒவ்வொரு வருஷமும் இந்தச் சமயத்தில் வரும் வாசனைதான்.

"ஏன்னா, இங்க வாங்கோ. உங்க ரெயின்கோட்டைப் பாருங்கோ!"

அந்தப் பிளாஸ்டிக் மழைக்கோட்டு போன வருஷ மழைக்காலத்துக்குப் பிறகு பெட்டியிலேயே கிடந்தது. இரண்டு கையால் இழுத்தும் பிரியவில்லை. மடிப்புகள் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தன. இழுத்த இடத்தில் தோல்போல் உரிந்தது. அவர்களுடைய சின்ன மகளின் ஸ்வெட்டரில் பிளாஸ்டிக் பொத்தான்கள் இளகிக் கம்பளியோடு பதிந்திருந்தன. ஒரு பொத்தானின்மேல் பாதி கரைந்த பாச்சை உருண்டை.

"எவ்வளவு உருண்டை போட்ட?"

"எப்பவும் போடறதைவிட ஜாஸ்திதான். உங்க சட்டை உசத்தியாச்சே, பூச்சி அரிக்கப்படாதுன்னு அதோட மடிப்புக்குள்ள எல்லாம் வெச்சேன். ஏன்?"

வெங்கடேஸ்வரன் அந்த உருண்டையைப் பொத்தானிலிருந்து பிய்த்தார்; அது பட்ட இடத்தில் பிளாஸ்டிக் குழைந்திருந்தது. மழைக்கோட்டு ஜனக்புரிக்குப் போனதே இல்லை.

அடுத்த ஞாயிறு பஸ் பிடித்து ஜனக்புரி போனார். சிவஞானத்தின் மனைவி அம்சவேணி கதவைத் திறந்து, "வாங்க சார்," என்று சொல்லி காபி போடப் போனாள். கூடத்து மூலையில், ஹாங்கரில், பாதி உப்பிய நிலையில் மிதவைச் சட்டை தொங்கியது.

"ஆறு மாசமா வீட்டுக்குள்ள ஒரு ஆளு நிக்கிற மாதிரியே இருக்கு சார். கீழ வீட்டுப் பஞ்சாபிக்காரி ஒருநா 'உங்க அண்ணன் ஊர்ல இருந்து வந்திருக்காரா'ன்னு கேக்கா," என்று உள்ளேயிருந்து அம்சவேணியின் குரல் வந்தது.

வெங்கடேஸ்வரன் கையோடு கொண்டுவந்திருந்த மழைக்கோட்டை மேஜைமேல் வைத்தார். டிரங்க் பெட்டியைப் பற்றிச் சொன்னார். பாச்சை உருண்டையைப் பற்றிச் சொன்னார். சிவஞானம் கோட்டின் ஒரு ஓரத்தைப் பிரித்துப் பார்த்து, விரலை முகர்ந்தார்.

"அச்சா. இதான் சங்கதியா."

"உங்க மேல சந்தேகப்பட்டது தப்பு, சிவஞானம்."

"சரி, விடும். காபியைக் குடியும்."

காபி குடித்து முடிந்தது. வெங்கடேஸ்வரன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னேளே. காலையில நீங்க, மத்தியானம் நான்னு."

சிவஞானம் சட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"கோபம் இல்லை ஐயரே. நம்ம வீட்டுக்கு எப்பவும் வாரும். ஆனா தண்ணிக்குள்ள வாயால பேசிக்கிட முடியாது. பக்கத்துல இருக்கவன் என்ன நெனைக்கானோன்னு நெனைச்சுக்கிட்டே நான் இறங்க மாட்டேன். உம்மையும் அப்படி இறங்கச் சொல்ல மாட்டேன்."

வெங்கடேஸ்வரன் மழைக்கோட்டை மடிக்க முயன்றார். அது மடியவில்லை. அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டார்.

நவம்பர் மூன்றாம் வாரம் சங்கத்திலிருந்து ஐந்து பேர் லட்சத்தீவுக்குப் புறப்பட்டார்கள். சிவஞானம் இராஜமாணிக்கத்தோடு ஜோடியாக இறங்கினார். வெங்கடேஸ்வரன் எடுத்திருந்த விடுமுறையை ரத்து செய்துவிட்டு ஆபீசுக்குப் போனார்.