மீதி ஆழம்

1942ஆம் ஆண்டு சித்திரையில், பதினான்கு மாதக் குழந்தை காத்தாயி நான்கு நாள் செங்கல் நிறத்திலும், அடுத்த ஒன்பது நாள் மஞ்சளாகவும், அதன்பின் ஒரு வாரம் சாம்பல் நிறத்திலும் இருந்துவிட்டு, ஒரு புதன்கிழமை காலை பழையபடி மாநிறத்துக்குத் திரும்பினாள். காய்ச்சல் இல்லை, அரிப்பு இல்லை. பால் குடித்தாள், தத்தித் தத்தி நடந்தாள், எறும்பைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அந்த மாதம் புளி விலையும் ஏறியிருந்தது. பனங்காட்டுவயலில் இரண்டைப் பற்றியும் ஏறக்குறைய ஒரே அளவுதான் பேசினார்கள்.

அலைச்சல் தாய் மருதாயிக்கு. தகப்பன் உடையப்பன் வேலைக்கு வெளியூர் போனால் பதினைந்து இருபது நாள் அங்கேயே தங்கிவிடுவான். குழந்தை சிவந்தபோது அது அக்கி என்றார்கள். அக்கிக்குக் குயவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்வது வழக்கம். குயவர் காவியைக் குழைத்து முதுகில் ஒரு கோடு இழுத்தார். கோடு எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை, அப்படி ஒரே சிவப்பு. மஞ்சளானபோது நாட்டு வைத்தியர் காமாலை என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். ஒன்பதாம் நாள் மஞ்சள் போயிற்று, வைத்தியருக்குப் பெயர் வந்தது. பத்தாம் நாள் குழந்தை சாம்பலானாள், வைத்தியர் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மருந்து தொடங்கிய நாள் ஒரு புள்ளி, நோய் நீங்கிய நாள் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோடு இழுப்பது மனிதர்களின் வேலை. கோடு இழுத்தவருக்கு அதன் மேல் நம்பிக்கை வருவதும் இயல்புதான்.

வைகாசியிலும் ஆனியிலும் நிறங்கள் திரும்ப வந்தன. ஒரே வரிசையில் வந்தாலும் நாட்கள் கூடின, குறைந்தன. மருதாயி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போகத் தொடங்கினாள். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்புப் பீப்பாய் கட்டியிருப்பார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டித் தீ மூட்டிக் காற்றாடியைக் கையால் அரைமணி நேரம் சுற்றினால், கரி முழுதாக எரியாமல் ஒரு வாயுவை விடும். அந்த வாயுதான் எஞ்சினுக்குத் தீனி. அதற்குப் பெட்ரோலின் பலம் வராது. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். இப்படிப் போய்ச் சேர்வதற்குள் சிவப்பு மஞ்சளாகியிருக்கும், மஞ்சள் சாம்பலாகியிருக்கும். ஒரு டாக்டர் ரத்தம் அதிகம் என்றார், இன்னொருவர் ரத்தமே இல்லை என்றார். கல்லீரல் என்றார்கள், பூச்சி என்றார்கள். எல்லா இடத்திலும் பேர், வயது, தகப்பன் தொழில் கேட்டார்கள். கூலி என்றாள். கூலி என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஏழு முறை போய்வந்ததில் அவள் கால் வெடிப்புகளுக்கும் ஒரு நிறம் வந்திருந்தது.

ஆவணிக் கடைசியில் குழந்தை வெள்ளையானாள். இந்த நிறம் போகவில்லை. நீர் வற்றும் கண்மாயில் கடைசி ஈரம் ஒரு பள்ளத்தில் ஒதுங்குவது போல, வெள்ளை மெல்ல வடிந்து இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தங்கிவிட்டது. வெள்ளைத் தழும்பைக் கண்டால் ஊருக்கு ஒரே வார்த்தைதான் நினைவுக்கு வரும்: தொழுநோய். ஐப்பசியில் ஊர்த் தலைவரான அம்பலகாரர் ரத்தினவேல், மருதாயியின் வீட்டு வாசலுக்கே வந்தார்.

“மருதாயி, தப்பா நெனைக்காத. ஊருணியில நீ கொடத்த முக்க வேணாம். யாராச்சும் மொண்டு ஊத்துவாக.”

“எத்தன நாளைக்குங்க?”

“பெருநோய் இல்லேன்னு டாக்டருகிட்டச் சீட்டு வாங்கிட்டு வா. இல்லேன்னா தைக்குள்ள புள்ளைய அந்த நோய்க்காரவுக விடுதியில கொண்டுபோய் விட்டுரணும்.”

“ஒண்ணேமுக்கா வயசுங்க அவளுக்கு.”

“அதான் தை வரைக்கும் சொல்றேன்” என்றார் ரத்தினவேல். கொடியவர் அல்ல. அவருக்கும் ஐந்து பிள்ளைகள்.

டவுனில் ஆத்மநாதன் என்ற டாக்டர் ஒருவர்தான் அவள் சொன்ன நிறங்களையெல்லாம் தேதியோடு நோட்டில் குறித்துவந்தார். அவர் குழந்தையின் கண்ணை மூடி, வெள்ளைத் தோலில் ஊசி முனையால் தொட்டார். காத்தாயி வீறிட்டாள். பெருநோயில் தோல் மரத்துப்போகும், இங்கே மரக்கவில்லை.

“பெருநோய் இல்லைம்மா.”

“அப்பச் சீட்டு எழுதிக் குடுங்கய்யா.”

“இல்லைன்னு எழுதினா, பின்னே என்னன்னு கேப்பாங்களே. என்னன்னு எழுதுவேன்? இன்னும் பதினஞ்சு நாள் பாப்போம்.”

பதினைந்தாம் நாள் பஸ் பாதி வழியில் நின்றது. கரி ஈரம். டிரைவர் பீப்பாயைக் கிளறிக்கொண்டிருக்க, கை கடுத்துப்போன மருதாயி சாலையோர மண்மேட்டில் குழந்தையை இறக்கிவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தபோது குழந்தையின் இடுப்பில் ஓட்டை விழுந்து, அதன் வழியே பின்னாலிருந்த மேடு தெரிந்தது. எழுந்து கிட்டே போனாள். ஓட்டை இல்லை. மேட்டு மண்ணும் அந்தத் தோலும் ஒரே வெள்ளை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செங்கமலம் என்பவளிடம் இது என்ன மேடு என்று கேட்டாள்.

“கெணத்து மண்ணு. பங்காளிக ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போயிட்டாக. அஞ்சு ஆளு ஆழத்துல, வெள்ளக் களியில நின்னுபோச்சு. என் ஆடு நாக்க நனைக்கக்கூட ஆகல.”

“எப்ப நின்னுச்சு?”

“ஆவணிக் கடைசியில. பனங்காட்டுவயல் உடையப்பன்னு ஒருத்தரு வெட்டுனாரு. ஏன், தெரிஞ்சவரா?”

“தெரிஞ்சவுகதான்” என்றாள் மருதாயி. ஒரு பிடி களியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆத்மநாதன் களியைத் தோலோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார். “உங்க வீட்டுக்காரர் என்ன கூலி?” என்று முதன்முறையாகக் கேட்டார். கிணறு வெட்டுகிறவர் என்றதும் நோட்டைப் புரட்டினார். இந்தப் பக்கத்து நிலத்தில் மேலே செம்மண்ணும் செம்புறாங்கல்லும், அதன் கீழே மஞ்சள் களி, அதற்கும் கீழே சாம்பல் மணல், மணலில் ஊற்று. சில இடங்களில் மஞ்சளுக்குக் கீழே வெள்ளைக் களி வரும். சித்திரையில் நான்கு நாள் சிவப்பு, ஒன்பது நாள் மஞ்சள், ஒரு வாரம் சாம்பல், புதன்கிழமை தண்ணீர். தகப்பன் எந்தப் படலத்தில் நின்றானோ அந்தப் படலம் மகள் மேல் தெரிந்தது. தண்ணீர் கண்டதும் நீங்கியது. காணாமல் விட்டால் தங்கியது. டாக்டர் ‘கூலி’யை அடித்துத் திருத்திவிட்டு மருந்துச் சீட்டில் ஒரே வரி எழுதினார்: மீதி ஆழம் வெட்டவும்.

கம்பவுண்டர் சீட்டைப் படித்துவிட்டு வந்தார். “சார், இது நம்ம அலமாரியில இல்லீங்களே.”

உடையப்பன் கேட்டுவிட்டுத் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். “அப்ப நான் புள்ளையத்தான் வெட்டிக்கிட்டு இருந்தேனா?”

“வெட்டுனது குத்தமில்லைங்க” என்றாள் மருதாயி. “பாதியில விட்டுட்டு வந்ததுதான்.”

பங்காளிகள் இருவரும் தடுக்கவில்லை. வழக்கு முடிந்தால் கிணறு தனக்கே என்று இருவருமே நம்பினார்கள். மார்கழியில் உடையப்பன் உள்ளே இறங்கினான். மேலே மருதாயி உருளையில் கயிறு போட்டுக் கூடை கூடையாக மண் இழுத்தாள். குழியில் தேங்கிக் கிடந்த மழைநீரை இறைக்கவே இரண்டு நாள் ஆயிற்று. மழைநீர் கணக்கில் சேராது, வெள்ளை அதற்கெல்லாம் அசையவில்லை. ஒவ்வொரு கூடைக்கும் பிறகு மருதாயி குழந்தையின் இடுப்பைப் பார்த்தாள். நான்கு நாள், ஐந்து நாள், அதே வெள்ளை. எட்டாம் நாள் அவள் பார்ப்பதை விட்டுவிட்டாள், இழுத்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஒன்பதாம் நாள் தழும்பு சாம்பலானது. பதினோராம் நாள் மத்தியானம் மடியில் ஈரம் பட்டது. சிறுநீர் என்று நினைத்தாள். குழந்தையின் இடுப்பிலிருந்து தெளிந்த நீர் கசிந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள், லேசான உவர்ப்பு. அந்த நேரத்தில் கீழிருந்து உடையப்பன் குரல் கொடுத்தான்: “தண்ணி வந்துருச்சு, கொஞ்சம் உவரு!”

ஆத்மநாதன் சீட்டு கொடுத்தார்: பெருநோய் அல்ல, கிணறு, குணமாகிவிட்டது. ரத்தினவேல் அதை இரண்டு முறை படித்து மடித்துக்கொண்டார். மருதாயி ஊருணியில் குடத்தை முக்கினாள். அடுத்த மாசியில் அம்பலகாரர் தன் புஞ்சைக்கே ஒரு கிணறு சொன்னார். “புள்ளைக்கு மொகத்துல படாம வெட்டுப்பா” என்றும் சொல்லிவைத்தார்.

அதன்பின் உடையப்பன் எந்தக் கிணற்றையும் பாதியில் விடவில்லை. ஒன்று மட்டும் அவன் கையில் இல்லை. 1944இல் திருமயம் பக்கம் எட்டு ஆள் ஆழம் வரை கரும்பாறை. வெடி வைத்தும் தண்ணீர் இல்லை. மீதி ஆழம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

1946 ஆனியில் மருதாயி மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். வாத்தியார் பெரியண்ணன் பதிவேட்டில் பேர், வயது எழுதி, தகப்பன் தொழில் என்ற இடத்தில் கிணறு வெட்டுதல் என்று எழுதினார். அங்க அடையாளம் இரண்டு வேண்டுமென்றார். மருதாயி குழந்தையைத் திருப்பிக் காட்டினாள். அவர் குனிந்து, போகாமல் தங்கிவிட்ட கருந்தழும்பைப் பார்த்து எழுதினார்: இடது முழங்காலுக்குப் பின்னால் ஒரு கிணறு, தண்ணீர் இல்லை.

“ரெண்டாவது? கையெல்லாம் மஞ்சளா இருக்கே, அத எழுதிக்கிருவமா?”

“வேணாங்க” என்றாள் மருதாயி. “வெள்ளிக்கெழமை தண்ணி வந்துரும்னு சொன்னாக.”

வாத்தியார் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.