கத்தரிப்பூ நிறத்தில் ஒரு விமான டிக்கெட்

சோபாக்காரர் வீட்டு சோபா கிழிந்திருக்கும். சொன்னால் தெருவில் யாரும் நம்புவதில்லை. ஊருக்கெல்லாம் மெத்தை போட்டுக் கொடுக்கிற மனுஷனுக்குத் தன் வீட்டுக்கென்று ஒரு முழத் துணி வெட்ட மனசு வராது. காசு விஷயத்தில் அவ்வளவு கறார்.

பட்டறையில் மரச்சட்டமும் ஃபோமும் அவர் வேலை. துணியும் தையலும் சோபாக்காரம்மாவின் ராஜ்ஜியம். தொழிலுக்கென்று வங்கி கொடுத்த கிரெடிட் கார்டும் அந்த ராஜ்ஜியத்தில்தான், தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு நடுவே கிடந்தது. ஃபோம், ரெக்சின், ஆணி, பசை, எதுவானாலும் கார்டில்தான் வாங்குவாள். மாதா மாதம் பாக்கி வைக்காமல் கட்டியும் விடுவாள். வாங்க வாங்கப் பாயின்ட் சேரும். போதுமான அளவு சேர்ந்தால் விமான டிக்கெட் இலவசம்.

"ஆணி வாங்கினா ஆகாயத்துல பறக்கலாமாம்! உன் காதுல நல்லா பூ சுத்தியிருக்காங்க" என்பார் அவர்.

அவள் பாட்டுக்குப் பாயின்டை எண்ணிக்கொண்டிருப்பாள். கடல் தாண்டி இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. அந்த நேரத்தில் மகள் பக்கத்தில் தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. கைக்காசு போட்டு டிக்கெட் எடுக்கச் சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். அதனால் கேட்கவே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு ஹோட்டல் ஹாலுக்கு நாற்காலி உறை தைக்கும் ஆர்டர் வந்தது. கத்தரிப்பூ நிறத்தில் கட்டுக்கட்டாகத் துணி வாங்கிப் போட்டாள். பாயின்ட் டிக்கெட்டைத் தொட்டுவிட்டது. உடனே மகளுக்குப் போன்.

"பாப்பா, அம்மா வரேன்டி."

அந்தப் பக்கம் ஒரே அழுகைதான். மாப்பிள்ளைக்கு லீவு இருக்கும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தேதி பார்த்து டிக்கெட் எடுப்பதாக முடிவானது.

அதற்குள் ஒருநாள் சோபாக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"ஹோட்டல்காரன் இப்போதைக்கு வேலை வேண்டாம்னுட்டான். நான் விடுவேனா? பில்லைக் காட்டி அத்தனை துணியையும் கடையில திருப்பிக் கொடுத்துட்டேன். ஒரு பைசா குறையாம உன் கார்டுக்கே அனுப்பிட்டாங்க!"

நல்லதாப் போச்சு என்றுதான் அவளும் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை போனைத் திறந்தால் பாயின்டில் பெரும்பகுதியைக் காணோம். கார்டு ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"பொருள் திரும்பிப் போனா பாயின்ட்டும் திரும்பிப் போயிடும் மேடம்" என்றது தேனாய் ஒரு பெண் குரல். தேனாய்ச் சொன்னால் மட்டும் வலிக்காமல் இருக்குமா?

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சமாளித்திருப்பார். மெஷினில் போய் உட்கார்ந்தவள் வேறொரு ஆர்டரின் உறையை முழுசாக உள்பக்கம் வெளியே தெரியத் தைத்து வைத்தாள். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குத் திக்கென்றது.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போனது.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. காதுல பூன்னீங்க."

மறுநாள் காலை டீகூடக் குடிக்காமல் ஆள் கிளம்பிவிட்டார். மெஷின் டிராயர் திறந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் போன்.

"துணிக்கடையில நிக்கிறேன். கார்டுக்கு ரகசிய நம்பர் கேக்குறாங்க. என்னது அது?"

"பாப்பா பொறந்த வருஷங்க."

 தொண்டையைச் செருமிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி அந்த வருஷத்தைச் சொன்னார் பாருங்கள்! சோபாக்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

போன துணி அத்தனையும் வண்டியில் திரும்பி வந்து இறங்கியது.

"என்னங்க இது கூத்து? இந்தக் காசுக்கு டிக்கெட்டே எடுத்திருக்கலாமே!"

"டிக்கெட்னா செலவு. துணின்னா சரக்கு. வித்துடுவேன்ல?"

இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ தெரியாது. ஆனால் துணியை இறக்கி வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"நீ போய் அவ பக்கத்துல இரு. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகளின் பிரசவத்தை நினைத்து இத்தனை நாள் தனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தாள்.

பாயின்ட் மறுபடி ஏறியது. டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அவள் கிளம்புவதற்குள் வீட்டுக் கிழிந்த சோபாவுக்குக்கூடக் கத்தரிப்பூ நிறம் வந்துவிட்டது.

மகள் வீட்டில் பெட்டியைத் திறந்தபோது புடவைகளுக்கு அடியில் தான் வைக்காத ஒரு பொருள் இருந்தது. கத்தரிப்பூ நிறத்தில், கைக்குழந்தை படுக்கிற அளவு ஒரு குட்டி மெத்தை. மெஷின் பக்கமே வராத மனுஷன், அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தைத்திருக்க வேண்டும். தையல் கோணல்மாணலாகப் போய் மூலையில் முட்டிக்கொண்டு நின்றது.

வயிற்றைத் தாங்கியபடி மகள் எட்டிப் பார்த்தாள். "யாரும்மா தைச்சது, இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது? நீ பிரிச்சுத் தைச்சுடேன்."

பட்டறையில் நூல் பிசகினாலே பிரித்துப் போடுகிறவள் அந்த மெத்தையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்கப்பா தைச்சதுடி. ஒரு நூலைக்கூடத் தொடாதே."