பால் பவுடருக்குப் பத்தியம்

ராசாத்தாள் வந்தபோது மணி பதினொன்று இருக்கும். ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் அலுவலகமாக வைத்திருந்த வாடகை வீட்டின் வாசற்படியில், நிழல் விழுந்த ஓரமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. அது முகத்தைத் தாயின் வயிற்றுக்குள் புதைத்துக்கொண்டிருந்தது. வெட்கம் என்றுதான் நினைத்தேன். வெள்ளகோவிலிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பியிருக்க வேண்டும். சேலையின் கீழ்க்கரையெல்லாம் செம்மண். பக்கத்தில் ஒரு துணி மூட்டை இருந்தது. அதில் எனக்கென்று இரண்டு படி நிலக்கடலை கொண்டுவந்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் அப்போது திட்ட அறிக்கையின் நாலாம் பிரிவை எழுதிக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்காக வெளிநாட்டு நிதி ஒன்று கப்பலில் அனுப்பிய பால் பவுடரைக் கோயமுத்தூர் ஜில்லாவின் நாற்பது ஊர்களில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எந்த ஊர் முதலில், எந்த ஊர் அடுத்தது, சர்க்காரிடம் என்ன கேட்பது, மில்காரர்களிடம் லாரி கேட்பதா ஆள் கேட்பதா, எந்தப் பஞ்சாயத்து கட்டடம் தரும் என்று எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டித் திட்டம் போடுவது என் வேலை. 1961 மாசியில் அந்த நாற்பதை நானூறாக்கும்படி மேலிடம் சொல்லியிருந்தது. நடந்த முறையை அப்படியே எழுதிக் கொடுத்தால் இன்னும் ஐந்து தேசங்களில் அதே மாதிரி தொடங்குவார்கள், அந்த வேலையை முன்னின்று நடத்த என்னையே அனுப்புவார்கள் என்ற பேச்சும் இருந்தது. நாலாம் பிரிவுக்குத் தலைப்பு, ‘தாய்மார்களின் ஒத்துழைப்பைப் பெற்ற விதம்.’

“ஏனுங்கம்மா, என்னையத் தெரியுதுங்களா? நீங்க மொத மொத வந்து பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டீங்களே, அந்த ஊருங்க.”

“தெரியுது. உள்ள வா அம்மணி,” என்றேன். தெரியவில்லை.

அவள் உள்ளே வந்தும் நாற்காலியில் உட்காரவில்லை. “ஒண்ணே ஒண்ணு கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க. இந்தப் பத்தியத்தை எப்பங்க முடிக்கறது? பதினாலு மாசமாச்சுங்க.”

“எந்தப் பத்தியம்?”

நான் அவளைச் சோதித்துப் பார்ப்பதாக நினைத்துச் சிரித்தாள். “கீரைப் பத்தியமுங்க. நீங்கதானுங்க சொன்னீங்க.”

பிறகு குழந்தையின் முகத்தை மெதுவாகத் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அது கண்ணை இறுக்கிக்கொண்டது. “காட்டு சாமி, அம்மாளுக்குக் காட்டு.” திறந்தபோது வலது கண்ணின் கருப்பு இருக்க வேண்டிய இடத்தில், ஆறிப்போன பாலின் மேல் ஆடை படிந்ததுபோல் வெளுத்து ஒன்று தெரிந்தது. வெண்ணெயெல்லாம் எடுத்துவிட்ட பால்தான் எங்கள் பவுடர். அது எத்தனை நேரம் ஆறினாலும் ஆடை படியாது.

“பொழுது சாஞ்சாத் தடவிட்டு நடப்பாளுங்க. வெளையாட்டுன்னு இருந்துபோட்டோம். அப்பறம் பாத்தா இப்படி.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஒரு நாளு, ஒரே நாளுங்க, மாமனாருக்குக் காச்சல்னு முருங்கக்கீரை ரசம் வெச்சேன். நான் பாக்காத நேரத்துல இவளும் ஊத்தித் தின்னுபோட்டா. அதுனாலதானுங்களா?”

மேஜைமேல் நாலாம் பிரிவின் மூன்று பக்கங்கள், மை காயாமல், காற்றில் பறக்காமலிருக்கக் கண்ணாடி உருண்டை வைத்தபடி கிடந்தன. பத்தியத்தைப் பற்றித்தான் மூன்று பக்கமும்.

அது இப்படி நடந்தது. முதலில் நாங்கள் தொடங்கியது காரமடைப் பக்கம். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பவுடரைக் கன்றுக்குட்டிக்குக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். ஒரு வீட்டில் பொங்கலுக்குச் சுண்ணாம்போடு கலந்து சுவருக்கே அடித்துவிட்டார்கள். சுவர் நன்றாகத்தான் இருந்தது. சும்மா வந்த பண்டத்துக்கு மதிப்பில்லை என்று என் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த அடிக்கோட்டோடுதான் வெள்ளகோவிலுக்குத் தெற்கே அந்தக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே பிரசவம் பார்க்கும் மாசாணியம்மாள் பவுடரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது சோறுங்களா, மருந்துங்களா?” என்று கேட்டாள்.

“மருந்து மாதிரித்தான்.”

“மருந்துன்னாப் பத்தியம் இருக்கோணுமேங்க. பத்தியமில்லாத மருந்தை என்னன்னு நம்பி நாம புள்ளைக்கு ஊத்தறது? வெள்ளைக்காரன் எழுத மறந்துபோட்டானா?”

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். உப்பை விலக்கச் சொல்ல முடியாது. புளியை விலக்கினால் சோறு இறங்காது. வெளியே, வீட்டுக்கு வீடு, வேலியோரம் முருங்கை நின்றது. யாரும் காசு கொடுத்து வாங்காதது. விருந்தாளி வந்தால் இலையில் வைக்கக் கூசுவது. எங்கள் வீட்டில் கீரை பெரும்பாலும் மாட்டுக்காரர் பந்திக்குத்தான் போகும். அது இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் குறையாது என்று நினைத்தேன். பாலும் கீரையும் சேர்ந்தால் வயிற்றுக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்வதும் தோதாக இருந்தது.

“கீரை சேர்க்கக் கூடாது,” என்றேன். “பால் குடிக்கிற வரைக்கும் எந்தக் கீரையும் ஆகாது.”

மாசாணியம்மாள் தலையை ஆட்டினாள். “அப்படிச் சொல்லுங்க. இப்ப மருந்துன்னு ஒத்துக்கறேன்.” அடுத்த நாள் பள்ளிக்கூடத்து வாசலில் டம்ளரோடு நூற்றுப்பத்துக் குழந்தைகள் நின்றார்கள். ஒரு மாதத்தில் நாற்பது மையங்களுக்கும் என் கையெழுத்தோடு சுற்றறிக்கை போயிற்று. கன்றுக்குட்டிகளுக்குப் பால் நின்றது.

ராசாத்தாளை ஜீப்பில் ஏற்றி டாக்டர் மெஹராஜிடம் கூட்டிப்போனேன். கண் வைத்தியத்தில் பேர் பெற்ற பெண்மணி, வார்த்தையை வீணாக்காதவர். ராசாத்தாளைக் குழந்தையோடு வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

“வலது கண்ணு போயிடுச்சு. இடதைக் காப்பாத்தலாம், இப்பவே பாத்தா. உங்க பவுடர்ல வெண்ணெய் கிடையாதில்லையா? கண்ணுக்கு வேண்டிய சத்து அந்த வெண்ணெயோட போயிடுது. பாலைக் குடிச்சுப் புள்ளை கிடுகிடுன்னு வளருது. வளர வளர உடம்புல இருந்த கொஞ்சநஞ்சத்தையும் செலவழிச்சிடுது. மீன் எண்ணெய் தரேன், பத்து நாளைக்கு வரும். அதுக்கப்புறம் தினம் ஒரு கைப்பிடி கீரை போதும்.” கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். “அந்தப் பக்கம் முருங்கை இல்லாத வீடே கிடையாதே. கீரையை ஏன் நிறுத்தினாங்க இவங்க?”

“தெரியலை டாக்டர்,” என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பின்னால் நான் அதிகம் யோசித்தது அந்த நொடியைத்தான்.

வெளியே வந்து ராசாத்தாளிடம், பத்தியம் முடிந்துவிட்டது, இனிமேல் தினமும் கீரை கொடுக்க வேண்டும், மருந்தை மறக்காமல் ஊற்ற வேண்டும் என்று சொன்னேன். “சரிங்க,” என்றாள். பஸ் ஏற்றிவிட்டபோதும் சொன்னேன். “சரிங்க, சரிங்க.” அன்று சாயங்காலமே நாற்பது மையங்களுக்கும் கீரைப் பத்தியம் முடிந்தது என்று ஒரு வரிக் கடிதம் எழுதி அனுப்பினேன். காரணம் எழுதவில்லை. முடித்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த தொந்தரவைப் பிறரிடம் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் எந்தக் குழந்தையைக் கண்டாலும் வாயில் முதலில் வருவது கண்ணு என்ற சொல்தான். வா கண்ணு, சாப்புட்டியா கண்ணு. அந்தச் சொல் எனக்கு வர மறுத்தது. மையங்களுக்குப் போனால் டம்ளர் நீட்டும் கைகளை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தேன். யாராவது என்னைச் சற்றுத் தள்ளிப் பார்க்கிறார்களா, எனக்குப் பக்கத்தில் நிற்கும் வேறொருத்தியைப் பார்ப்பதுபோல. அப்படி ஏழு குழந்தைகளை டாக்டர் மெஹராஜிடம் அனுப்பினேன். ஏழு பேரும் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள் என்றார். அதில் எனக்குச் சமாதானம் வரவில்லை. பட்டப்பகலில் அலுவலக வாசற்படியின் நிழல் ஓரத்தைக் கடக்கும்போது, அங்கே யாரோ குழந்தையோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் காலைத் தள்ளி வைப்பேன்.

சித்திரையில் டில்லி அலுவலகத்திலிருந்து சுந்தரராஜுலு வந்தார். என் மேலதிகாரி, நெல்லூர்க்காரர், நல்லவர். நாலாம் பிரிவு எங்கே என்று கேட்டார். நடந்ததை அவரிடம் சொன்னேன், முழுவதும். அவர் எழுந்து போய் மின்விசிறியைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ரங்கநாயகம்மா, இது துக்கம்தான். இல்லைன்னு சொல்லலை. பவுடர்லயே அந்தச் சத்தைச் சேர்க்கணும்னு இன்னிக்கே எழுதறேன். ஆனா பத்தியம்ங்கிறது நல்ல உத்தி. தப்பு கீரையிலதான், உத்தியில இல்லை. கீரையை எடுத்துட்டு வேற ஏதாவது போட்டுக்கலாம். வத்தல் மிளகாய்னு போடுங்களேன். குழந்தைக்கு மிளகாய் இல்லாட்டா நல்லதுதானே? ஐந்து தேசத்துல ஆயிரக்கணக்கான குழந்தைங்க அந்தப் பாலைக் குடிக்கணும். அம்மாக்கள் நம்பணும்.”

அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. அதுதான் பயமாக இருந்தது. பேனாவை எடுத்து மிளகாய் என்று எழுதிக்கூட விட்டேன். எழுதிய பிறகு, ராசாத்தாள் வெறும் சரிங்கவோடு பஸ் ஏறியது ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் மறுத்துப் பேசப் பிடிக்காதவர்களும் சரிங்க என்றுதான் சொல்வார்கள். இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

மறுநாள் மத்தியானம் ஜீப்பை எடுக்கச் சொன்னேன். காங்கயம் தாண்டியதும் வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், வெடித்த மண். ஊருக்குள் ராசாத்தாள் வீட்டை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை மணி. அவள் என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். “வாங்க, வாங்க. சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பனுங்களே.” கட்டிலை இழுத்துப் போட்டு, மோர் கொண்டுவந்தாள். குழந்தை பழனாத்தாள் வாசலின் மறுகோடியில் உட்கார்ந்து எதையோ தடவிக்கொண்டிருந்தது. இரண்டடி உயரத்தில் வெட்டப்பட்ட ஒரு முருங்கை மரத்தின் அடி. சுற்றிலும் விரல் பருமனுக்குத் தளிர்கள். பக்கத்தில் ஒடித்துப் போட்ட கொத்துகள் வாடிக் கிடக்க, அவற்றை ஒரு வெள்ளாடு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

“மரம் என்ன ஆச்சு?”

“ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்த மக்காநாளே வெட்டிப்போட்டனுங்க. வெட்டுனாலும் உடுமுங்களா அது? தளுக்கத் தளுக்க ஒடிச்சு ஆட்டுக்குப் போட்டுட்டே இருக்கறேன்.”

“நான் கீரை குடுக்கச் சொன்னேனே.”

அவள் கீழே பார்த்தாள். “சொன்னீங்க. நான் பத்தியத்தைக் கெடுத்துபோட்டேன்னு வையாம, என்ற மனசு நோவக்கூடாதுன்னு அப்படிச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஒரு நாளு கெடுத்ததுக்கே ஒரு கண்ணு போச்சு. இன்னொண்ணு இருக்குதுங்க. அதைக் காப்பாத்தோணுமுங்க.”

“மருந்து?”

“அது தீந்து ரொம்ப நாளாச்சுங்க.”

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தை எழுந்து இரண்டு எட்டு வைத்து, நின்று, கைகளை முன்னால் நீட்டி மறுபடி மரத்தின் அடியைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தது. குழந்தையின் இடது கண்ணைப் பார்க்க எனக்குத் துணிவு வர வேண்டியிருந்தது. இன்னும் கருப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஈரமில்லாமல், துடைத்து வைத்த கண்ணாடிபோல் இருந்தது.

“ராசாத்தா,” என்றேன். “கீரைப் பத்தியம்னு ஒண்ணு கிடையாது. யாரும் அதை எழுதலை. நீங்க பவுடரை மதிக்கணும்னு, மாசாணியம்மா கேட்டப்ப நானாச் சொன்னேன். ஜன்னல் வழியா முருங்கை தெரிஞ்சுது, கீரைன்னு சொல்லிட்டேன். வேற எதாவது தெரிஞ்சிருந்தா அதைச் சொல்லியிருப்பேன். கீரை இல்லாமத்தான் கண்ணு போச்சு. நீ வெச்ச ரசத்தால இல்லை. அந்த ரசம் ஒண்ணுதான் அவளுக்கு நல்லது செஞ்சுது.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் சேலைத் தலைப்பின் நூல் ஒன்றைப் பிரித்து எடுத்து, விரலில் சுற்றி, அவிழ்த்தாள்.

“நீங்களாச் சொன்னதுங்களா?”

“ஆமா.”

“அப்ப அந்தப் பவுடரு? அதுவும் நீங்களாச் சொன்னதுங்களா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை அவள் எப்படி நம்புவாள் என்று தோன்றியது. என் பையில் நாலாம் பிரிவு இருந்தது; மூன்று பக்கத்தையும் அடித்துவிட்டு, மிளகாயையும் அடித்துவிட்டுக் கொண்டுவந்திருந்தேன். தலைப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

“யாருங்க அது?” என்றது குழந்தை, எனக்கு ஒரு முழம் இடப்பக்கம் பார்த்து. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முதலில் வந்தது கண்ணு என்ற சொல்தான்; மூடிக்கொண்டேன்.

குழந்தை காத்திருந்துவிட்டு மறுபடி மரத்திடம் திரும்பியது. தளிர் ஒன்றைக் கையால் அடிவரை தடவிப் போய், முறித்து, மூக்கின் கிட்டே வைத்து மோந்தது. வெள்ளாடு வந்து அதன் மறுநுனியைக் கடித்துக்கொண்டது. குழந்தை விடவில்லை, இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தது. ஆடும் காலை ஊன்றி இழுத்தது. இலைகள் ஒவ்வொன்றாக மண்ணில் உதிர்ந்தன. ராசாத்தாள் எழுந்து நின்றுவிட்டாள். யாரிடமிருந்து பிடுங்குவது என்று தெரியாதவள்போல, நீட்டிய கையோடு, அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.